ஒன்பதாம் அத்தியாயத்து உளவாளி

நெமேசியோ அர்த்தேகா அந்தச் சுருட்டு ஆலையில் சேர்ந்தபோது சுருட்டு சுற்றத்தான் சேர்ந்தார். பத்து வருஷம் சுற்றினார். அவர் சுற்றியதைப் பற்றவைத்தால் ஒரு பக்கம் சாம்பலாகிக் கொட்டும், மறுபக்கம் அப்போதுதான் பறித்த இலை மாதிரி பச்சையாக நிற்கும். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியில் அவருடைய சுருட்டு ஒன்று தப்பித் தவறிச் சேர்ந்துவிடக் கூடாதென்று மேஸ்திரி தனியாக ஒரு கூடை வைத்திருந்தார். ஆனால் குரல்! அந்தக் குரலை மட்டும் கடவுள் வேறு யாருக்கோ கொடுக்க எடுத்து வைத்திருந்து கைதவறி இவருக்குப் போட்டுவிட்டார். அதனால்தான் வேலை நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டும் பழைய வாசிப்புக்காரர் காலமானதும் சுருட்டு சுற்றும் கூடமே கைதூக்கி இவரை மேடையில் ஏற்றியது. குரலுக்கு ஒரு மடங்கு, அந்தச் சுருட்டுகளிலிருந்து தப்பிக்க இரண்டு மடங்கு.

அன்றிலிருந்து பதினெட்டு வருஷம். காலையில் செய்தித்தாள், அப்புறம் அறிவிப்புகள், மதியத்துக்கு மேல் நாவல். கீழே நூற்று இருபது பேர் தலைகுனிந்து இலை சுற்றுவார்கள். மேலே இவர் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மைக் முன்னால் உட்கார்ந்து படிப்பார். எந்தப் புத்தகம் என்பதை நிர்வாகம் முடிவு செய்யாது. வாசிப்புக்காரரும் வாயைத் திறக்கக் கூடாது. சுற்றுகிறவர்கள் வாக்கெடுத்து முடிவு செய்வார்கள். படித்தது பிடித்தால் இலை வெட்டும் கத்தியால் பலகையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். நூற்று இருபது கத்தி ஒரே சமயத்தில் தரையில் விழும் சத்தத்தை ஒரு தடவை கேட்டவன், அப்புறம் செத்தாலும் அதை மறக்க மாட்டான்.

நெமேசியோ அதைப் போன வருஷம் கேட்டார். ஒரு கொலைக்கதை. முந்தைய நாளே வீட்டில் உட்கார்ந்து முழுதும் படித்துவிட்டு வந்த மனிதர், இரண்டாம் அத்தியாயத்தில் வந்த பத்திரம் எழுதுகிறவருக்குக் கரகரவென்று ஒரு குரலைக் கொடுத்துத் தொலைத்தார். "இவன்தான் கொலைகாரன்!" என்று கூடமே கத்தியது. இவர் முகம் வெளிறியதில் விஷயம் உறுதியாகிவிட்டது. மிச்சம் இருநூற்றுப் பத்துப் பக்கமும் வீண். அந்த டிசம்பரில், வாசிப்புக்காரரைத் தொடர்வதா வேண்டாமா என்று வருஷா வருஷம் நடக்கும் வாக்கெடுப்பில், அறுபத்து மூன்றுக்கு ஐம்பத்தேழு என்று மயிரிழையில் தப்பினார்.

தப்பினாலும் ஒரு சட்டம் வந்தது. இனிமேல் துப்பறியும் கதை, உளவுக் கதை எதையும் அவர் முன்கூட்டிப் படிக்கக் கூடாது. கூடத்தோடு சேர்ந்துதான் அவருக்கும் தெரியவேண்டும். புத்தகத்தை வாசிப்புக் குழுத் தலைவி துல்சே வைத்துக்கொள்வாள். அவள் நாற்பது வருஷமாகச் சுருட்டு சுற்றுகிறவள், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். சுருட்டுக் கட்டைக் கட்டும் மஞ்சள் ரிப்பனால் புத்தகத்தை நாலு முடிச்சுப் போட்டுக் கட்டித் தன் பைக்குள் போட்டுக்கொள்வாள். அவளும் பிரித்துப் பார்க்க மாட்டாள். அந்த விஷயத்தில் எங்கள் ஆட்கள் மகா யோக்கியர்கள்.

இந்த வருஷம் அக்டோபரில் மூன்று புத்தகம் வாக்கெடுப்புக்கு வந்தன. ஒன்று காதல் கதை. ஒன்று கரும்பாலைத் தொழிலாளர் வரலாறு, எழுநூறு பக்கம். மூன்றாவது ஓர் உளவுக் கதை, 'துறைமுகத்தில் ஒரு கானரி' என்று பெயர். எழுதியவர் தெயோபானெஸ் உர்கியோலா.

"யாருய்யா இந்த உர்கியோலா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? பேரே கேள்விப்பட்டதில்ல."

"அதான் நல்லது. தெரிஞ்ச ஆளா இருந்தா முடிவு எப்படி வைப்பான்னு தெரிஞ்சிரும்," என்றாள் துல்சே. "கை தூக்குங்க."

தூக்கினார்கள்.

உர்கியோலா சாமானியப்பட்டவர் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துபோனது. நாலாம் பக்கத்திலேயே ஒருவன் கூரையிலிருந்து குதித்தான். எதிரி நாட்டிலிருந்து ரப்பர் படகில் வந்தவர்கள் எல்லோருக்கும் கன்னத்தில் தழும்பு, நம் பக்கத்துக் கேப்டனுக்கு மட்டும் தூக்கமே வராது. அவர் தூங்காமலேயே ஆறு அத்தியாயம் துப்புத் துலக்கினார். ஒரே ஒரு இடத்தில்தான் கத்தி தரையில் விழுந்தது. கேப்டன் சுருட்டின் நுனியைப் பல்லால் கடித்துத் துப்பி, பெட்ரோல் லைட்டரில் பற்றவைத்தார்; நல்ல சுருட்டை வெட்டித்தான் திறக்க வேண்டும், பெட்ரோல் வாடை படவே கூடாது. "இந்த உர்கியோலா சுருட்டு ஆலைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல!" என்று துல்சே தீர்ப்பு சொன்னாள். மன்னித்துவிட்டார்கள். கதை அப்படி ஓடியது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் அதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பல் பிடுங்கிய ஒருத்தி விடுப்பை ரத்து செய்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நெமேசியோவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. இந்த டிசம்பரில் நூறு கைக்குக் குறையாது என்று பெண்சாதி சொராய்தாவிடம் சொல்லிவைத்தார்.

அப்புறம் ஒன்பதாம் அத்தியாயம் வந்தது.

'கானரி', அதாவது பாடும் குருவி, என்ற சங்கேதப் பெயர் கொண்ட உளவாளி ஒரு சுருட்டு ஆலைக்குள்தான் ஒளிந்திருக்கிறான் என்று கேப்டன் கண்டுபிடித்தார். கூடம் மொத்தமும் கத்தியால் தட்டியது. நம்ம தொழில் கதைக்குள் வந்துவிட்டதே! நெமேசியோ உற்சாகத்தில் குரலை இறக்கி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, மெல்லத் தொடர்ந்தார். கேப்டன் கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குள் பார்த்தார். அங்கே அவன் இருந்தான்.

நல்ல வாசிப்புக்காரருக்குக் கண் வாயைவிட ஒரு வரி முன்னால் போகும். நெமேசியோவின் கண் போனது. அடுத்த வரி இப்படி இருந்தது: 'அவன் மேடைமேல் உட்கார்ந்திருந்தான். இருநூறு பேர் முன்னால், கையில் புத்தகத்தோடு.'

நெமேசியோ அந்த வரியை வாய்விட்டுப் படிக்கவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு எங்கள் கூடத்தைத் தெரியாது என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கதையில் எடை குறைத்து விற்கும் ரொட்டிக்கடைக்காரன் வந்தான். எங்கள் ஊர் ரொட்டிக்கடைக்காரர், பாவம், கதையைக் கேட்கக்கூட இல்லை; ஒரு மாதம் ஒவ்வொரு ரொட்டியையும் தராசில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. மேடையில் இருப்பவன் உளவாளி என்று கூடம் ஒரு தடவை கேட்டுவிட்டால், டிசம்பரில் எத்தனை கை எழும்பும்? மறுபடி அந்தப் பெஞ்சு. மறுபடி அந்தப் பச்சைச் சுருட்டு.

சரியாக அந்த நேரத்தில் பெர்மின் மேடைக்குக் கீழே நடந்து போனார். பெர்மின் இலைக்காரர். பீப்பாயிலிருந்து ஈர இலையை எடுத்து ஒவ்வொரு பெஞ்சுக்கும் எண்ணிக் கொடுப்பது அவர் வேலை. பேச்சு குறைவு. இருபது வருஷமாக அந்தக் கூடத்தில் நடந்துகொண்டே இருப்பதால் அவரை யாரும் பார்ப்பதே இல்லை.

"அவன் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தான்," என்று படித்தார் நெமேசியோ. "இருநூறு பேர் நடுவில், கையில் இலையோடு."

நெமேசியோ வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வரியில் கானரி ஒரு மிடறு தண்ணீர் குடித்தான். இவரும் இப்போதுதானே குடித்தார்! "ஒரு மிடறு காபி குடித்தான்," என்றார் அவசரமாக. வாய் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "சர்க்கரை போடாமல்."

அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. பீப்பாய் பக்கத்தில் பெர்மின் தன் குவளையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். ஆறு வருஷமாக அவருக்குச் சர்க்கரை வியாதி. எங்கள் தீவில் சர்க்கரை இல்லாமல் காபி குடிக்கிறவர் ஒருவர் இருந்தால் ஏழு தெருவுக்கு அது தெரியும்.

நூற்று இருபது தலை மெல்ல நிமிர்ந்தது. நூற்று இருபது தலையும் பீப்பாய்ப் பக்கம் திரும்பியது.

மறுநாள் பத்து மணிக்குத் துல்சே வழக்கம்போலக் காபி போட்டாள். ஆறு வருஷமாகச் சர்க்கரை கலக்குமுன் பெர்மினுக்கென்று ஒரு குவளை முதலில் ஊற்றி வைப்பாள். அன்றைக்கு வைக்கவில்லை. பாத்திரம் முழுதும் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிவிட்டு வரிசையாக ஊற்றிக்கொண்டு போனாள். பெர்மின் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் போய் இலையை எண்ணினார்.

"டாக்டர் சொல்லித்தானே அவன் சர்க்கரை போடுறதில்ல?" என்று யாரோ நியாயம் பேசினார்.

"எந்த டாக்டர்?" என்றாள் துல்சே.

"அவன் மச்சினன் எதிரி நாட்டுல, தாம்பாவுல இருக்கான்."

"எல்லாருக்கும்தான் மச்சினன் அங்க இருக்கான்."

"எல்லாரும் சர்க்கரை போட்டுல்ல குடிக்கிறோம்!"

உர்கியோலா விடுவதாக இல்லை. பத்தாம் அத்தியாயத்தில் கானரி எப்படித் தகவல் அனுப்புகிறான் என்று வந்தது. படிக்கும்போது சில வார்த்தைகளை வேண்டுமென்றே மாற்றிப் படிப்பானாம். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி அதைக் குறித்துக்கொள்வானாம். வார்த்தையை மாற்றிப் படிப்பவன் உளவாளி என்ற வரியை, வார்த்தையை மாற்றிப் படித்துக்கொண்டே தாண்டிய மனிதர் உலகத்தில் நெமேசியோ ஒருவராகத்தான் இருக்கும். நெஞ்சு அடிக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டுவிடுமோ என்று பயந்தார். "இலையை எண்ணிக் கொடுக்கும்போது ஒன்றிரண்டை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் கொடுப்பான்," என்று படித்தார். கானரி பக்கத்தைப் புரட்டினால் இவர் இலையைப் புரட்ட வைத்தார். கானரி தொண்டையைச் செருமினால் இவர் பீப்பாயை நகர்த்த வைத்தார். பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு கவனமாக அவர் படித்ததே கிடையாது. கூடம் கத்தியால் தட்டித் தட்டி ஓய்ந்தது.

அதோடு கூடம் இலையை எண்ண ஆரம்பித்தது. "எனக்கு இன்னிக்கு ஏழு. உனக்கு?" "ஒம்போது." "பார்த்தியா? நேத்து எட்டு!" மூன்றாம் வரிசையில் ஒருவர் நாள்தோறும் கிடைத்த இலையைச் செய்தித்தாள் ஓரத்தில் குறித்து வைத்து, நாலு நாள் எண்களைக் கூட்டி, அது துறைமுகத்தில் வந்து நின்ற கப்பலின் நீளம் என்று நிரூபித்தார். பெர்மின் இலை கொடுக்க வந்தால் பேச்சு நின்றது. அவர் போனதும் தொடங்கியது. பெர்மின் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் கொண்டுவரத் தொடங்கினார். பத்து மணிக்குப் பீப்பாய்களுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு குடிப்பார். அதைப் பார்த்தவர்கள், எதற்கு மறைந்து குடிக்கிறான் என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சொராய்தா கருப்பு அவரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நெமேசியோ எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கை நிற்கவில்லை.

"அவங்க உன்னை உளவாளின்னு சொல்லிருவாங்கன்னு பயந்த. அப்படித்தானே?"

"ஆமா."

"அதனால அவரைச் சொல்லட்டும்னு விட்டுட்ட."

"கதைதானே சொராய்தா. ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும். அடுத்தது காதல் கதை."

"அப்ப உன் பேரையே படிச்சிருக்கலாமே. கதைதானே."

அவள் ஒரு கல்லை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நான் அவருக்குக் காபி குடுக்காம இருந்தேனா?"

திங்கள் போனது. செவ்வாய் போனது. டிசம்பர் வாக்கெடுப்பு சனிக்கிழமை. அது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நெமேசியோ தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டார். கோழைகளுக்குக் காலண்டர் ஒரு பெரிய ஆறுதல்.

புதன்கிழமை காலை, செய்தித்தாள் முடிந்து அறிவிப்புகளை எடுத்தார். மூன்று தாள் இருந்தன. முதலாவது, ஒருவருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, கூடம் தட்டியது. இரண்டாவது, குளியலறைக் குழாயைச் சரியாக மூடும்படி நிர்வாகத்தின் வேண்டுகோள், கூடம் சிரித்தது. மூன்றாவதைப் பாதி படித்த பிறகுதான் என்ன படிக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

"இலைப் பிரிவில் வேலை பார்க்கும் பெர்மின் செபாயோஸ் ஆகிய நான், வரும் திங்கள்கிழமை முதல் என்னை மலைப்பக்கத்து இலை உலர்த்தும் கொட்டகைக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். காரணம்: சொந்த விஷயம். இருபது வருஷம் உடன் இருந்த தோழர்களுக்கு நன்றி."

மலைப்பக்கத்துக் கொட்டகைக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அங்கே எலியையும் இலையையும் தவிர யாரும் கிடையாது. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் அங்கே மயங்கி விழுந்தால் இலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் தெரியும்.

யாரும் தட்டவில்லை. யாரும் கத்தியைக் கீழே போடவும் இல்லை. "தப்பிச்சு ஓடுறான்," என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தது மட்டும் கேட்டது. பெர்மின் குனிந்து ஏழாம் பெஞ்சுக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணியதை மறுபடி எண்ணினார்.

தன்மேல் வந்த அருவருப்பில் நெமேசியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "துல்சே," என்றார் ஒலிபெருக்கியில். "புத்தகத்தைக் குடு."

"மணி பத்துகூட ஆகல. நாவல் மத்தியானம்தானே?"

"குடு துல்சே."

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாலு முடிச்சையும் அவிழ்க்க அவருக்கு விரல் ஒத்துழைக்கவில்லை, பல்லால் இழுத்தார். ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தார். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், குழாய் அறிவிப்பைப் படிக்கும் குரலில் படித்தார்.

"'அவன் மேடைமேல் உட்கார்ந்திருந்தான். இருநூறு பேர் முன்னால், கையில் புத்தகத்தோடு. ஒரு மிடறு தண்ணீர் குடித்தான்.' இப்படித்தான் இதுல இருக்கு. இலைக்காரர் இல்ல. பீப்பாய் இல்ல. சர்க்கரை இல்லாத காபியும் இல்ல. எல்லாம் நான் சேர்த்தது. நீங்க என்னைச் சந்தேகப்படுவீங்கன்னு பயந்துட்டேன்."

பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அது அப்படியே பரவியது. கூடமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"நீயா? உளவாளியா?"

"இவனை வேலைக்கு வச்சா அந்த நாடே திவாலாயிரும்!"

"கொலைகாரனையே ரெண்டாம் அத்தியாயத்துல காட்டிக் குடுத்தவன்யா இவன்! ரகசியத்தை இவன்கிட்ட எவன் குடுப்பான்?"

நெமேசியோ மேடையில் திகைத்து உட்கார்ந்திருந்தார். பதினோரு நாள் இந்தச் சிரிப்புக்கா பயந்தார்? அவருக்கு ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது, உண்மையைச் சொல்லிவிடலாம். ஒருத்தராவது அரை நிமிஷமாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

துல்சே சிரிக்கவில்லை. மேடைக்கு ஏறி வந்து, புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டி, அந்த வரியில் விரலை வைத்து உதடசைத்துப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பத்தாம் அத்தியாயத்தையும் புரட்டிப் பார்த்தாள்.

"நீ உளவாளியா இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்," என்றாள். "நாங்க ஓட்டுப் போட்டு எடுத்த புத்தகத்தை மாத்திப் படிச்சிருக்க!"

சிரிப்பு நின்றது. நெமேசியோ கண்ணை மூடிக்கொண்டார். நூற்று இருபது கத்தியும் தரையில் விழுந்தன.

வாக்கெடுப்பைச் சனிக்கிழமைவரை தள்ளிப்போட யாரும் தயாராக இல்லை. அங்கேயே, அப்போதே நடந்தது. துரத்திவிட வேண்டும் என்றது ஒரு பாதி. துரத்தினால் இவன் பெஞ்சுக்கு வந்து சுருட்டு சுற்றுவானே என்று மேஸ்திரி எழுந்து கவலைப்பட்டார். அந்த வாதம் பலரை யோசிக்க வைத்தது. வாசிப்பின் மானம் பற்றி ஏழு பேர் பேசினார்கள். உர்கியோலாவுக்கு இழைத்த துரோகம் பற்றி மூன்று பேர் பேசினார்கள், அந்த மனிதர் இருக்கிறாரா செத்தாரா என்றுகூடத் தெரியாமல். பெர்மினுக்குக் காபி கொடுக்காமல் விட்டது யார் என்பது பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. இலையைக் கூட்டிக் கப்பல் நீளம் கண்டுபிடித்தவர் தன் செய்தித்தாளை மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் துல்சேதான் வழி சொன்னாள். நெமேசியோ இருக்கட்டும். ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து மறுபடி, ஒரு கால்புள்ளி மாறாமல் படிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். அது பெர்மினாக இருக்க வேண்டும். கைகள் உயர்ந்தன. எல்லோர் முகத்திலும் பெருந்தன்மை வழிந்தது. அவரவர் மனச்சாட்சியை ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டோம் என்ற திருப்தி.

பெர்மினிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஏறி வந்தார். இரண்டாவது நாற்காலி போட்டார்கள். துல்சே ஒரு குவளைக் காபியைக் கொண்டுவந்து, "சர்க்கரை போடல அண்ணே," என்று அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். தொடவில்லை.

நெமேசியோ புத்தகத்தை இருவருக்கும் நடுவில் வைத்தார். மைக் திறந்திருக்கிறது என்பதை மறந்து, பக்கத்தில் இருப்பவர் காதுக்கு மட்டும் சொல்கிற மாதிரி, "அண்ணே, என்னை மன்னிச்சிருங்க. கதைதானேன்னு நினைச்சுட்டேன்," என்றார். அது கடைசிப் பெஞ்சுவரை கேட்டது.

பெர்மின் தன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் வரியில் விரலை வைத்தார்.

"பதினோரு நாள் தனியா உக்காந்து காபி குடிச்சேன்," என்றார். அதுவும் ஒலிபெருக்கியில்தான் போனது. "நீ படி."

கீழே ஒரு கையும் அசையவில்லை. நெமேசியோ படிக்க ஆரம்பித்தார்.